மூளை மாற்றிய லொறியும் அணையாத மஞ்சள் விளக்கும்

கிண்ணியாவில் லொறி வைத்திருக்கும் கூட்டாளி போன வாரம் போன் எடுத்தான். "ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்குது. ஈசியூ போயிட்டுதாம். பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று எடுக்கட்டா மச்சான்?" ஈசியூ என்றால் என்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி, லொறியின் மூளை. பஞ்சிகாவத்தை கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் இடம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

என்னுடையது 2003 ஆம் ஆண்டு ஜப்பான் லொறி, கொமன் ரெயில் டீசல், அதாவது ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து, ஈசியூ சொல்லும் நேரத்தில் பீய்ச்சும் முறை. வாரத்தில் மூன்று இரவு திருகோணமலை கொட்பேயில் மீன் ஏற்றி, கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும். அப்பா வைத்திருந்த லொறியில் டீசல் பம்ப் முழுக்க இரும்பு வேலை, வழியில் நின்றால் ஸ்பெனரும் ஒரு துண்டுக் கம்பியும் போதும். 1995 இல் ஹினோ ரேஞ்சரில் கொமன் ரெயில் வந்த பிறகு டீசல் லொறிக்கும் மூளை தேவைப்பட்டுவிட்டது. மூளை இருந்தால் மூளைக் கோளாறும் வரும்தானே.

எனக்கு வந்தது இப்படி. கந்தளாய் தாண்டிச் சூடேறியதும் என்ஜின் சட்டென்று நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் ஒருநாள் என்ஜின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் சென்சர் என்றது, அடுத்த நாள் டீசல் அழுத்தத்தைப் பார்க்கும் ரெயில் பிரஷர் சென்சர் என்றது. கராஜ்காரர் சொன்னதை எல்லாம் மாற்றினேன். பிறகுதான் வாகன வயரிங் வேலை செய்யும் மேஸ்திரி, நாங்கள் பாஸ் என்போம், ஒருவர் மல்டிமீற்றரை எடுத்துச் சென்சர் பிளக்கில் வைத்தார். ஈசியூவிலிருந்து அங்கே 5 வோல்ட் வர வேண்டும், வந்தது மூன்றரை. அந்த 5 வோல்ட் விழுந்தால் நல்ல சென்சரும் கெட்டதாகத்தான் காட்டும். மாற்றிய சென்சர்கள் எல்லாம் வீண். காசும்தான்.

பெட்டியைக் கழற்றித் திறந்ததும் பாஸ் மூக்கைச் சுளித்தார். "மீன் மணக்குது."

"மீன் லொறி அண்ணே, மல்லிகையா மணக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. பலகையில் நின்ற சிறிய உருளைக் கெப்பாசிட்டர்களைக் காட்டினார். இரண்டின் காலடியில் பழுப்பு நிறத்தில் கசிவு. பக்கத்துச் செம்புக் கோடு பச்சை பூத்துக் கிடந்தது. அந்தத் திரவம் கசிந்தால் மீன் வாடைதான் அடிக்குமாம். எத்தனை மாதம் அந்த வாடை கெபினுக்குள் அடித்ததோ, யாருக்குத் தெரியும்!

ஈயம் வைத்துப் பார்க்கலாம், ஒரு வாரம் ஆகும் என்றார் பாஸ். மீன் ஒரு வாரம் காத்திருக்காது. வேறு லொறி வாங்கும் யோசனைக்கும் இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய லொறிக்கே தங்க விலை ஆகியிருந்தது. எனவே பஞ்சிகாவத்தைக்குப் போய் 85,000 ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி எடுத்தேன். நம்பர் சரி என்றார் கடைக்காரர். நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, கடைசி எழுத்தைத் தவிர. "அது ஒன்றும் செய்யாது" என்றார்.

பூட்டியதும் ஸ்டார்ட் ஆனது, ஆனால் டக் டக்கென்று அடித்தது. டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதன் தலையில் ஒரு குறி பொறித்திருக்கும், அந்தக் குறியை ஈசியூவுக்குள் எழுத வேண்டும். வந்த பெட்டியில் இருந்ததோ யாரோ ஒருவருடைய லொறியின் குறி. கந்தளாயில் ஸ்கேனர் வைத்திருக்கும் தம்பி நான்கையும் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, டோர்ச் அடித்து, எட்டா பீயா, பூச்சியமா டீயா என்று ஒன்றரை மணி நேரம் குனிந்து கிடந்தான். குறி ஏறியதும் சத்தம் தையல் மெஷின்போல ஆகிவிட்டது. அந்தத் தம்பியின் கையில் கண் ஒற்றலாம்.

இப்போது பதினான்கு மாதம். ஒரு இரவுகூட வழியில் நின்றதில்லை. இழுவை முன்னைவிட நன்றாக இருக்கிறது. புகைப் பரிசோதனையும் ஒரே தடவையில் பாஸ்.

ஆனால் அந்த மஞ்சள் விளக்கு! செக் என்ஜின் லைட் முதல் நாளிலிருந்து எரிகிறது. அந்தக் கடைசி எழுத்து செய்த வேலை. இந்தப் பெட்டி பிறந்த லொறியில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு இருந்திருக்கிறது, என்னுடையதில் இல்லை. இல்லாத வால்வைப் பெட்டி தினமும் தேடுகிறது. ஸ்கேனரால் அழித்தால் அடுத்த ஸ்டார்ட்டில் திரும்பி வந்துவிடும். கறுப்பு டேப் ஒட்டினேன், வெயிலில் பசை உருகி வழிந்துவிட்டது. ஹபரணைக் காட்டுப் பாதையில், யானை நிற்குமோ என்று இருட்டுக்குள் கண்ணை நட்டு ஓட்டும்போது, கீழே இருந்து அது என்னையே பார்க்கிறது.

கண் கூசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எப்போதும் எரிகிற விளக்கு உண்மையான கோளாறைச் சொல்லாது, அதுதான் தொல்லை. மாரியில் ஒருநாள் தம்பலகாமத்துக்குக் கிட்ட டீசல் பில்டர் அடைத்து லொறி இழுவையை விட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நேற்றும் எரிந்தது, முந்தாநாளும் எரிந்தது. பார்த்து என்ன பயன்?

பழைய பெட்டியைப் பிறகு அதே பாஸிடம் கொடுத்தேன். கெப்பாசிட்டர்களை மாற்றி, அரித்த கோட்டுக்கு மெல்லிய வயர் போட்டுத் தந்தார். 18,000 ரூபாய். இப்போது அலுமாரிக்குள் துணி சுற்றிக் கிடக்கிறது. மாட்டினால் விளக்கு அணையும், தெரியும். ஓடுகிற லொறியில் கை வைக்க மனம் வரவில்லை, அதுவும் தெரியும்.

எனவே மச்சான், வாங்காதே. முதலில் எர்த் வயரைச் சுரண்டிப் பூட்டு, ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயைப் பார், 5 வோல்ட்டை அள. அப்படியும் பெட்டிதான் என்றால் கழற்றித் திறந்து மணந்து பார். நீ மணக்காதே, உனக்கும் எனக்கும் அந்த மூக்கு இல்லை. வீட்டில் யாரிடமாவது கொடு.