ரப்பர் பையா, வெட் விங்கா: பழைய செஸ்னா 182 வாங்கும் முன்

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து டெக்சஸில் செஸ்னா 182 என்ற சின்ன விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கத் தேடியபோது, கடைசியில் இரண்டு விமானங்கள் மிஞ்சின. ஒன்று 1978 மாடல், மற்றது 1980. இன்ஜின் ஓடிய நேரம், ரேடியோ, பெயின்ட் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய வித்தியாசம் இறக்கைக்குள் இருந்தது. 1978 வரை வந்த 182-களில் எரிபொருள் ரப்பர் பைக்குள் இருக்கும், பிளாடர் என்பார்கள். 1979-இல் செஸ்னா பையைக் கைவிட்டு, இறக்கையின் அலுமினியக் கூட்டையே, கசிவை அடைக்கும் பசையான சீலன்ட் பூசித் தொட்டியாக்கிவிட்டது. அதுதான் வெட் விங். நாங்கள் பை வைத்த 1978-ஐ எடுத்தோம். கேட்ட பலரும் புருவத்தை உயர்த்தினார்கள்.

வெட் விங்குக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பையின் எடை கிடையாது, கூட்டின் மூலை முடுக்கு வரை எரிபொருள் நிற்கும். 1978-இன் பெரிய தொட்டியில் பயன்படுத்தக் கூடியது 75 கேலன். 1979 முதல் 88. அந்த 13 கேலனில் சுமார் ஒரு மணி நேரம் பறக்கலாம். தூரப் பயணம் அடிக்கடி போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மற்றபடி இரண்டிலும் எரிபொருள் இறக்கையில்தான், இரண்டிலும் புவியீர்ப்பில் தானாக இன்ஜினுக்கு இறங்கும். அதில் பேச ஒன்றும் இல்லை.

“போயிங்கே வெட் விங்தானே போடுகிறான்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 747-400 இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் சுமக்கும். அத்தனைக்கும் பை தைத்தால் எடை எங்கே போய் நிற்கும்? ஆனால் அந்தத் தொட்டிக்குள் ஆளே இறங்கி வேலை பார்க்கலாம். காற்றோட்டம் கொடுத்து, மூச்சுக் கருவி மாட்டி உள்ளே தவழ்ந்து போய்ச் சீலன்ட் பூசுவார்கள். நம் 182-இல் பலகையைக் கழற்றினால் முழங்கை வரை கை போகும், அவ்வளவுதான். மிச்சத்தைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: ஒழுகினால் என்ன செய்வது? நாற்பது வயது தாண்டிய விமானத்தில் என்றைக்காவது ஒழுகத்தான் செய்யும்.

வெட் விங் ஒழுகும்போது இறக்கையின் அடியில் ரிவெட் வரிசையை ஒட்டி நீலக் கறை தெரியும். சின்ன விமானங்களுக்கான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இடத்தைத் துடைத்துக் காயவிட்டு அரை மணி கழித்துப் பார்க்க வேண்டும். ஈரம் முக்கால் அங்குலத்துக்குள் என்றால் வெறும் கறை, ஒன்றரை அங்குலம் வரை கசிவு, நான்கு அங்குலம் வரை கடுங்கசிவு, அதையும் தாண்டிச் சொட்டினால் பறக்கவே கூடாது. அளப்பது சுலபம். ஆனால் கறை தெரிகிற இடத்துக்கு உள்ளேதான் ஓட்டை என்று நம்ப முடியாது. மொட்டை மாடியில் ஒரு மூலையில் விரிசல் இருக்க, தண்ணீர் வேறு அறையின் சுவரில் இறங்குமே, அதே கதை. உள்ளே சீலன்ட் எங்கோ விட்டிருக்கும். பெட்ரோல் தகடுகள் சேரும் இடுக்கு வழியே ஊர்ந்து, இறக்கையின் அடுத்த குறுக்குச் சட்டத்தில் (ரிப்) வெளிவரும். ஒரு இடத்தை ஒட்டினால் அடுத்த வருடம் பக்கத்து இடம். புதிய சீலன்ட் சரியாகப் பிடிக்க, பழையதைச் சுரண்டி, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். முழுதாகச் சுரண்டிப் பூசுவது என்றால் விமானம் வாரக்கணக்கில் நிற்கும். மூனி விமானக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். இறக்கையிலேயே தொட்டி வைத்த அந்த விமானங்களுக்கு இதை மட்டுமே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அலுத்துப்போய், மூனியின் வெட் விங்குக்குள்ளேயே பை போட்டுக்கொண்டவர்களும் உண்டு!

பை ஒழுகினால் கதை சின்னது. பழையதை எடு, புதியதைப் போடு. சொல்வதுபோல் எளிது என்று சொல்லவில்லை. சுருட்டி மடக்கிக் கைத்துளை வழியே உள்ளே விட வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும் என்பதால் எங்கள் மெக்கானிக் முதலில் அதை வெயிலில் போட்டுப் பதமாக்கினார். துளையின் விளிம்புக்கு டேப் ஒட்டினார், பை கிழியாமலும் முழங்கை கிழியாமலும் இருக்க. பிறகு உள்ளே பையைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் முடிந்தால் முடிந்தது. என்ன செலவு, எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மூன்று பேர் காசு போட்ட விமானத்தில் அது பெரிய நிம்மதி.

பையின் குறையையும் மறைக்க முடியாது. குறை தண்ணீர். அடியில் சுருக்கம் விழுந்தால் அந்த மடிப்பில் தண்ணீர் தேங்கும். பறக்கும் முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்கும்போது வராது. மூக்கைத் தூக்கியதும் இன்ஜினுக்குப் போகும். இதற்காகவே 1984-இல் அமெரிக்க விமானத்துறை, பை வைத்த செஸ்னாக்களில் சுருக்கங்களைப் பரிசோதிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. வாலை அழுத்தி, இறக்கையை ஆட்டி, பிறகு வடித்துப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. தண்ணீர் பெரும்பாலும் நுழைவது இறக்கையோடு சமமாகப் படியும் பழைய மூடி வழியாக. மேலே குடைபோல் எழும்பி நிற்கும் மூடிக்கு மாற்றினால் பாதிக் கவலை போகும். எங்கள் விமானத்தில் முன்பே மாற்றியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் இவ்வளவு தைரியமாக எழுதியிருப்பேனா, தெரியாது.

இன்னொன்று, விபத்தில் பை பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரில் வெறும் உலோகத் தொட்டி இருந்த இடத்தில் பை போடச் சொல்லி 2010-இல் தயாரிப்பாளரே அறிவித்தது தீ விபத்துகளைக் குறைக்கத்தான். ஆனால் அந்தப் பை வேறு, எழுபதுகளின் செஸ்னா பை வேறு. இதை வைத்து நான் வாதாட மாட்டேன்.

வெட் விங்கோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை. பக்கத்து ஹேங்கரில் ஒரு 1981 மாடல் இருக்கிறது. இதுவரை ஒரு துளி கசிந்ததில்லை என்கிறார் உரிமையாளர். அவரது விமானம் எப்போதும் கூரைக்குள். வெயிலில் நிற்கும் விமானத்துக்கும் அப்படியே இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பைப்பர் செரோக்கியில் இருப்பதுபோல் ஸ்க்ரூவைக் கழற்றித் தனியே எடுக்கும் அலுமினியத் தொட்டி இரண்டையும்விட வசதி. எங்களுக்கு வேண்டியது 182 என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

பை வைத்ததை வாங்கப் போனால், மூடியைத் திறந்து டார்ச் அடித்து அடியில் மடிப்பு இருக்கிறதா பாருங்கள். பை எப்போது மாற்றியது என்று லாக்புக்கில், அதாவது பராமரிப்புப் பதிவேட்டில் தேடுங்கள். தொட்டியைக் காலியாக்கி மறுபடி நிரப்பச் சொல்லி, பம்பில் எத்தனை கேலன் ஏறுகிறது என்று பாருங்கள். கொள்ளளவு என்று எழுதியிருப்பதைவிடக் குறைவாக ஏறினால் உள்ளே கிளிப் கழன்று பை தொங்கலாம். வாங்கிய பிறகு நிறுத்தும்போதெல்லாம் நிரப்பியே வையுங்கள். பையின் பெட்ரோல் படாத மேல்பாகம்தான் முதலில் காய்ந்து விரிசல் விடும்.