துணி நிற்கிறது, பட்டை போய்விட்டது: வெல்க்ரோ வேட்டி அனுபவம்

போன வாரம் என் வேட்டியின் வெல்க்ரோ பட்டையைப் பிரித்துவிட்டுப் புதிது தைத்து வாங்கி வந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் அலுவலக நண்பன் கேட்டான்: "தங்கச்சி ரிசப்ஷன் ஈ.சி.ஆர்ல வச்சிருக்கோம். ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கு. வேட்டி கட்டணும்னு ஆசை, நடுவுல அவுந்துடுமோன்னு பயம். அந்த ஒட்டுற வேட்டி எப்படிடா? நீதான் வருஷக்கணக்கா கட்டுறியே." இரண்டு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், அடங்கவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பருத்தியில் எட்டு முழம், இரட்டை வேட்டி. அரை இஞ்ச் ஜரிகைக் கரை, வலது பக்கம் ஒரு பாக்கெட், இடுப்பில் ஒட்டுப் பட்டை. தி.நகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக எடுத்தது. கல்யாணத்தோடு பெட்டிக்குள் போயிருக்க வேண்டியது, போகவில்லை. கோயில், கச்சேரி, பெசன்ட் நகர் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் அதுவே என்றாகிவிட்டது. விசேஷத்துக்கு என்று ஒதுக்கி வைத்த உடையை ஊர் சுற்றவும் கட்டலாம் என்ற எண்ணத்தை எனக்குக் கொடுத்தது இந்த வேட்டிதான். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு திட்டப்போகிறேன்.

சென்னையில் வேட்டி கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது இன்று சாதாரணமாகத் தெரியும். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போனார் என்பதற்காக சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டி இனி எந்த கிளப்பும் அரங்கமும் யாரையும் தடுக்க முடியாது. எனக்கு அது பெரிய விஷயம். நட்சத்திர ஓட்டல் வாசலில் காவலாளி கதவைத் திறந்துவிடும்போது அந்தச் சம்பவம் இன்றும் நினைவுக்கு வரும்.

சரி, வேட்டிக்கு வருவோம். பிடிமானத்தில் குறையே இல்லை. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கி நடப்பேன், எலியட்ஸ் பீச்சில் சாயங்காலக் காற்று தூக்கி அடிக்கும், கல்யாண வீட்டில் வாளி தூக்கிச் சாம்பார் பரிமாறுவேன். ஒரு தடவைகூட இடுப்பை விட்டு நழுவியதில்லை. ஸ்கூட்டர் ஓட்டவும் சிரமமில்லை. பைக் வேண்டாம், காலைத் தூக்கிப் போடும்போது மடிப்பு கலைந்துவிடும். மெட்ரோ எஸ்கலேட்டரில் மட்டும் கரையைக் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இரட்டை வேட்டி கணுக்கால் தாண்டித் தொங்கும், ஓரம் படியில் மாட்டினால் ஆபத்து.

பாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் இருக்கும், அதன் பையில் காசு, பீடி, சீட்டு எல்லாம் போகும். அப்பா தலைமுறையில் உள்ளே போடும் டிரவுசர் பையில் பர்ஸ். இரண்டுமே வேண்டாம் என்று ஆக்கியது இந்தப் பாக்கெட். போன், மெட்ரோ கார்டு, சாவி எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. சட்டைப் பையில் போனைத் திணித்து முன்பக்கம் தொங்கவிட்டு நடக்க வேண்டியதில்லை, அதனால் சட்டையும் நேராக விழுகிறது. லினன் சட்டை போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன் கொஞ்சம் கனமாக இருந்தால் வலது பக்கம் பட்டையைக் கீழே இழுக்கும், அவ்வளவுதான்.

இப்போது பட்டை.

வெல்க்ரோவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-ல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்விதைகளை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறார். நம்மூர்ப் புதர்க்காட்டில் நாயுருவி விதை வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவதைப் போலத்தான். 1955-ல் காப்புரிமை எடுத்தார். ஒரு பக்கம் நுணுக்கமான கொக்கிகள், மறு பக்கம் மெத்தென்ற வளையங்கள். கொக்கி வளையத்தில் மாட்டினால் பிடிப்பு. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அதை வேட்டியில் தைக்கிறவர்கள் வேட்டியை எப்படித் துவைப்பார்கள், எப்படிக் கஞ்சி போடுவார்கள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா என்பதுதான் என் ஆத்திரம்.

கஞ்சியிலிருந்து தொடங்குகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் கஞ்சி போடாத பருத்தி வேட்டி அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போது கத்தி போல இருந்த மடிப்பு மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது இருக்காது. ஆகவே கஞ்சி கட்டாயம். அந்தக் கஞ்சி வளையங்களுக்குள் புகுந்து காய்ந்தால் என்ன ஆகும்? மெத்தென்று நிற்க வேண்டிய வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து விறைத்துப் போகும். கொக்கிக்கு மாட்ட இடம் இருக்காது. வேட்டிக்கு உயிர் கொடுப்பது எதுவோ அதுவே பட்டையைக் கொல்கிறது. இது விற்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. பட்டையைப் பிரித்து எடுத்துக் கழுவித் திரும்ப மாட்டும்படி ஏதாவது செய்திருக்கலாம், குறைந்தபட்சம் அட்டைப்பெட்டியில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம். என் பெட்டியில் இருந்தது நடிகர் படம் மட்டும்.

நான் கண்ட வழி: இடுப்புப் பக்கத்தை உருட்டி ஒரு துணி கிளிப் போட்டு மேலே பிடித்துக்கொண்டு, கீழ்ப்பகுதியை மட்டும் கஞ்சியில் முக்குவது. மடிப்பு தெரிவதும் விறைப்பாக நிற்க வேண்டியதும் முழங்காலுக்குக் கீழேதான், அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது இஸ்திரி. எங்கள் தெரு முனையில் வண்டி போட்டிருப்பவர் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார், வெள்ளைத் துணி தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பருத்திக்குப் பெட்டியின் சூடு 200 டிகிரி வரை போகும். இந்தப் பட்டைகள் பெரும்பாலும் நைலான். சாதாரண நைலான் 220 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகிவிடும், கொக்கிகள் வளைவை இழந்து படுத்துவிடும். அவரிடம் ஒவ்வொரு முறையும் "அண்ணே, மேல பட்டைகிட்ட போகாதீங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அவரும் பார்த்துத்தான் தேய்க்கிறார். ஆனால் மடித்து வைத்துத் தேய்க்கும்போது சூடு உள்மடிப்புக்குப் போகாமல் இருக்குமா?

மூன்றாவது நூல்பிசிர். கொக்கிப் பக்கம் எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும். வாஷிங் மெஷினில் திறந்தபடி போட்டால் பக்கத்துத் துணியைப் பதம் பார்த்துவிடும். என் மனைவியின் ஷிஃபான் துப்பட்டா ஒன்றில் நூல் இழுத்துப் போனதும், "உங்க வேட்டிய இனிமே என் துணியோட போடவே போடாதீங்க" என்று உத்தரவு வந்துவிட்டது. ஒட்டி மூடிய நிலையில் வலைப்பையில் போட்டுத் துவைத்தால் தப்பிக்கலாம். ஏற்கெனவே சேர்ந்த பிசிரைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி, மீதியை ஊக்கால் நெம்பி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பிடிப்பு பாதிக்கு மேல் திரும்பி வரும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அந்தச் சத்தம். சாதாரண வேட்டி கட்டியவர் விருந்து சாப்பிட்டு எழுந்ததும் என்ன செய்வார்? இடுப்பில் கை வைத்து, செருகலை ஓசையில்லாமல் ஒரு விரல் தளர்த்துவார். பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. எனக்கு அந்த வசதி இல்லை. பட்டையைப் பிரித்து ஒரு இஞ்ச் தள்ளி ஒட்ட வேண்டும், பிரிக்கும்போது "பர்ர்ர்" என்று ஒரு சத்தம். மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில், பாடகர் தோடி ஆலாபனையில் கீழே இறங்கி இறங்கி ஒரு ஸ்வரத்தில் நிற்கும் நேரத்தில், முன்வரிசையில் ஒருவர் இப்படிப் பிரித்து ஒட்டினார். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெரியவர் முகம் வாடியது. அவர் மேல் என்ன தப்பு? கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், இடுப்பு இறுக்குகிறது, தளர்த்தினார். நல்ல இடத்துக்கு நல்லபடி உடுத்திக்கொண்டு வந்த மனிதரைத் தலைகுனிய வைக்கும் ஒரு பொருளை நான் எப்படி மனதாரப் பாராட்டுவது? அன்றிலிருந்து கச்சேரிக்குப் போகும்போது இந்த வேட்டியைத் தளர்வாகவே ஒட்டி, மேலே மெல்லிய பெல்ட் போட்டுக்கொண்டு போகிறேன். பட்டையின் பயனே போய்விட்டது, எனக்கும் தெரிகிறது.

இனி பழுது பார்த்த கதை. கொக்கிப் பக்கம் ஒரு மூலையில் தையல் விட்டு, பட்டை தொங்க ஆரம்பித்தது. எங்கள் பேட்டை டெய்லர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணி நல்ல துணி சார். இன்னும் பத்து வருஷம் உழைக்கும். ஒட்டியிருக்கிற பட்டைதான் மட்டம். அதுவும் வெறும் வேட்டியில நேரா வச்சு ஒரே ஒரு ஓட்டு ஓட்டியிருக்கான்." விஷயம் அங்கேதான் இருக்கிறது. நல்ல வேட்டி நூல் மெல்லியது; நூல் எண் 100 என்றால் 40-ஐவிட எவ்வளவோ சன்னம். அந்த மெல்லிய துணியில் கனமான நைலான் பட்டையை நேரடியாகத் தைத்து, தினமும் இழுத்துப் பிரித்தால், தையல் ஓட்டைகள் பெரிதாகி ஒருநாள் துணியே கிழியும். அவர் உள்ளே ஒரு காடாத்துணிப் பட்டி கொடுத்து, அதன் மேல் அகலமான புதுப் பட்டை வைத்து, நான்கு பக்கமும் ஓட்டி நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தைத்தார். கூலியும் பட்டையும் சேர்த்து 150 ரூபாய். பட்டை பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் என்றார். ஆயிரத்துக்கு மேல் வாங்குகிற கம்பெனிக்கு அந்தக் காடாத்துணி வைக்க மனம் வரவில்லை. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நண்பனுக்கு என் பதில் இதுதான். உன் தங்கை ரிசப்ஷனுக்கு நீ இதையே வாங்கு. பாட்டுச் சத்தத்தில் பட்டைச் சத்தம் கேட்காது, எவ்வளவு ஆடினாலும் அவிழாது. கடற்கரைக் காற்றுக்கு ஒற்றை வேட்டி கூடாது, நாலு முழம் வெளிச்சத்தில் உள்ளே இருப்பதைக் காட்டும். எட்டு முழமே எடு. பட்டு வேண்டாம், ஆடினால் வியர்வைக் கறை நிற்கும், பருத்தியில் ஜரிகைக் கரை போதும். கரையின் நிறத்திலேயே சட்டை எடுக்கச் சொல்வார்கள், அது கட்சிக் கூட்டம் போல ஆகிவிடும். தங்கக் கரைக்குக் கரும்பச்சை அல்லது மாம்பழ மஞ்சள் எடு, உன் நிறத்துக்கு நன்றாக இருக்கும்.

நான் இனிமேல் ரெடிமேட் பட்டை வேட்டி வாங்க மாட்டேன். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் சாதாரண எட்டு முழம் ஒன்று எடுத்து, எங்கள் டெய்லரிடமே கொடுத்துப் பாக்கெட் மட்டும் வைக்கச் சொல்லப்போகிறேன். இடுப்பில் செருகித்தான் கட்டப்போகிறேன்.

நீ வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார். பட்டைக்குப் பின்னால் வேறு துணி கொடுத்திருக்கிறார்களா, தையல் நான்கு பக்கமும் ஓடியிருக்கிறதா, கொக்கிப் பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கிறதா, வளையப் பட்டை சாப்பிட்ட பிறகு தள்ளி ஒட்டும் அளவுக்கு நீளமாக இருக்கிறதா என்று பார். பிரித்துக் காட்ட மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடு. தி.நகரில் அடுத்த வேட்டிக் கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.