எங்கள் பம்ப் கம்பெனியில் ஆறு வருடமாக ஓடும் விக்கி

கோயம்புத்தூரில் போர்வெல் மோட்டார் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். தெரிந்ததை எழுதி வைக்க ஆறு வருடமாக எங்களுக்குள் ஒரு விக்கி, அதாவது எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள், ஓடுகிறது. விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். இலவசம், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரே போதுமாக இருந்தது.

ஆரம்பித்தது ஆடிட்டருக்காக. ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்றின் 2015 பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்குத் தேவையான அறிவு எது, அதை எப்படிக் காப்பாற்றி வருகிறீர்கள் என்று கேட்கும் பிரிவு அது. இருந்த தாள்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றினோம். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. முதல் வருடம் வீண்.

அப்புறம்தான் ஜெராக்ஸ் கம்பெனியின் கதையைப் படித்தேன். 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், காப்பியர் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றியிருக்கிறார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது, சாப்பிடும் இடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளை வைத்து. பின்னால் அங்கே 'யுரேகா' என்ற குறிப்புத் தொகுப்பு வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொரு டெக்னீஷியன் சரிபார்ப்பார். எழுதியவர் பெயர் குறிப்போடு நிற்கும்.

நாங்களும் பெயர் போட்டோம். சர்வீஸ் ஆட்கள் போனில் பேசியே பதியலாம், தமிழில், அவரவர் பேச்சிலேயே என்றோம். "மண்ணு வர்ற போருங்க. ஆறே மாசத்துல புஷ் தேஞ்சு, ஷாஃப்டுல கோடு விழுந்திருச்சு." ஷாஃப்ட் என்பது மோட்டாரின் சுழலும் தண்டு, புஷ் என்பது அதைத் தாங்கும் வளையம். இப்படி வந்த ஒரு வரி, ஸ்கேன் தாள் நூறைவிட எனக்கு உதவியது. தேடுவதுதான் இன்னும் தொல்லை. புஷ், புஸ், புஷ்ஷு என்று ஆளுக்கொரு எழுத்து. ஸ்டோர்ஸில் இருக்கும் பெண் ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பி விடுகிறார். அந்த வேலை நின்றால் விக்கியும் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

தோற்ற சோதனைகளையும் எழுத வைத்ததுதான் பெரிய லாபம். மண் வரும் போர்களுக்காக, உள்ளே பள்ளம் வெட்டிய ரப்பர் புஷ் போட்டுப் பார்த்திருந்தார்கள். மண் பள்ளத்தின் வழியே வெளியேறிவிடும் என்ற யோசனை சரிதான். ஆனால் ரப்பர் தண்ணீரில் ஊறி உப்பி, ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துவிட்டது. திட்டம் கைவிடப்பட்டது. சோதித்தவர் மட்டும் எத்தனை நாளில் எவ்வளவு உப்பியது என்று அளந்து பக்கத்தில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். மூன்று வருடம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் படித்து, உப்பும் அளவை முன்கூட்டியே துளையில் சேர்த்து வரைந்தார். இன்று அந்த புஷ் எங்கள் மோட்டாரில் ஓடுகிறது.

எழுத்தில் ஏறாதவையும் உண்டு. மோட்டாரின் இரும்புத் தகடுகளில் இருக்கும் ஸ்லாட் என்ற காடிகளில் கம்பி சுற்றும் வைண்டிங் மாஸ்டரிடம் கேட்டபோது, "கம்பி ஸ்லாட்டுக்குள்ள போறப்ப வர்ற உரசல் கைக்குத்தான் தெரியும் கண்ணு, அதை எப்படி எழுதறது?" என்றார். நியாயம்தான். ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி வீட்டு ரொட்டி மெஷின் செய்தபோது மாவு சரியாகவே பிசையப்படவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகாவின் ஹோட்டல் ஒன்றில் தலைமை ரொட்டிக்காரரிடம் பயிற்சிக்குப் போனார். ரொட்டிக்காரர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். 1987-ல் மெஷின் கடைக்கு வந்தது.

நாங்களும் ஒரு பையனை மாஸ்டர் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார வைத்தோம். தகட்டின் விளிம்பு கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சீவாமலிருக்க, ஸ்லாட் வாயில் மாஸ்டர் இடது கட்டைவிரலைக் கொடுத்துக் கம்பியை லேசாகத் தூக்குவதை அவன் பார்த்தான். மாஸ்டருக்கே அது தெரியாது. அந்த விரலின் வளைவில் ஒரு நைலான் துண்டு கடைந்து ஸ்லாட் வாயில் மாட்டினோம். புது ஆட்கள் கையிலும் உறை சீவுவது குறைந்துவிட்டது. விக்கியில் அந்தப் பக்கத்தில் மாஸ்டர் பெயரும் பையன் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. பெரிய மோட்டார்களின் வைண்டிங் இன்னும் அவர் கையில் மட்டும்தான். அடுத்த மாதம் முதல் அதற்கு இரண்டு பேர் உட்காரப் போகிறார்கள்.