போட் கார்பெட் அழுக்கு: பிரஷர் வாஷரா, பிரஷ்ஷும் வெட் வேக்கமுமா?

சின்ன ஃபிஷிங் போட்ல பழைய கார்பெட்டுக்கு பிரஷர் வாஷர் அடிச்சா கொஞ்ச நேரத்துல பழைய கலர் வந்துடும், பாக்கவே ஆசையா இருக்கும், ஆனா அது பெரும்பாலும் பிளைவுட்ல பசை போட்டு ஒட்டுனது, நாஸில கிட்ட கொண்டு போனா ஓரம் பேந்துக்கும், தண்ணி இறங்கி பலகை ஊறிடும். ஹேட்ச் மூடி (போட் தளத்துல திறந்து மூடுற கதவு) ஓரத்துல கார்பெட்ட தடவிப் பாருங்க, ஏற்கனவே தூக்கிட்டு இருந்தா வாஷர் பக்கமே போகாதீங்க.

பிரஷ், சோப்புத் தண்ணி, வெட் வேக்கம் (தண்ணியையும் உறிஞ்சுற வேக்கம் கிளீனர்)னா இடுப்பு ஒடியும்தான், ஆனா உறிஞ்சுற தண்ணி டிக்காஷன் கலர்ல வரும்போதுதான் உள்ள எவ்ளோ அழுக்குன்னு தெரியும். மீன் ரத்தக் கறைக்கு பச்சத்தண்ணி மட்டும், சுடுதண்ணி ஊத்துனா கறை இன்னும் புடிச்சுக்கும்.

என் ஓட்டு பிரஷ், வெட் வேக்கத்துக்குத்தான். வாஷர்தான் வேணும்னா போட்டைக் கரையேத்தி, டிரெயின் பிளக்க (தண்ணி வெளியேறுற ஓட்டையோட அடைப்ப) கழட்டிட்டு, அகல நாஸில் போட்டு ஒரு அடியாவது தள்ளி நின்னு அடிங்க.