ஒரே ஹூட்டர், மூன்று கன்சோல்: பொதுக் கன்ட்ரோல் ரூமுக்கு எந்த அலாரம் சரி?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் நான் வேலை பார்த்த கன்ட்ரோல் ரூம்கள் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஒரு ஹால். ரியாக்டர் பகுதிக்கு ஒரு கன்சோல், அதாவது ஆபரேட்டர் உட்கார்ந்து பார்க்கும் திரைமேசை; பாய்லர், யுட்டிலிட்டிக்கு ஒன்று, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஒன்று. பின்னால் ஷிப்ட் இன்சார்ஜ் மேசை. எல்லாருக்கும் பொதுவாகச் சுவரில் ஒரு ஹூட்டர், அதாவது அலாரச் சங்கு. அது அடித்ததும் அறையில் முதலில் கேட்கும் பேச்சு, “யாருதுப்பா அடிக்குது?” என்பதுதான். மூன்று தலைகள் மூன்று திரைகளைத் தேடும். “எனக்கு இல்லண்ணே, பாய்லரு” என்று ஒருவர் சொன்ன பிறகுதான் உரியவர் பட்டியலைத் திறப்பார்.

பலர் கூடியிருக்கும் அறையில் அலாரம் முதலில் சொல்ல வேண்டியது, அது யாருக்கு என்பதை. எவ்வளவு அவசரம் என்பது அடுத்தது. இந்த வரிசையை மனதில் வைத்தே கீழே உள்ள வழிகளை எடைபோடுகிறேன்.

பொது ஹூட்டருக்கு ஒரு நியாயம் உண்டு. செலவு குறைவு. பாய்லர்காரர் டீ குடிக்கப் போயிருந்தாலும் பக்கத்திலிருப்பவர் காதில் விழும், இன்சார்ஜுக்கும் தெரியும். ஆனால் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒவ்வொரு சத்தமும் அடுத்தவர் வீட்டுச் சண்டை. ஓர் ஆலையில் சி ஷிப்டில், அதாவது இரவு ஷிப்டில் பார்த்தது: கழிவுநீர்த் தொட்டியின் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவு 8.5-ஐ ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது. கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஹூட்டர். ரியாக்டர் ஆபரேட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிச் சைலன்ஸ் பட்டனைத் தட்டுவார். மற்ற பட்டன்களில் எழுத்து புதிதுபோல இருக்க, அதில் மட்டும் எழுத்தே அழிந்து வழவழப்பாகியிருந்தது. ஹூட்டரின் வாயைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது வெளியே பம்ப் ஹவுஸில் மாட்ட வேண்டிய ஹூட்டர். எச்சரிக்கை ஒலிகளுக்கான ஐஎஸ்ஓ 7731 தரம் கேட்பது, சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதல், குறைந்தது 65 டெசிபல், அவ்வளவே. ஏசியும் பேச்சுமாக 55 டெசிபல் இருக்கும் அறையில் 70 இருந்தால் போதும். காதைக் கிழிக்கும் ஹூட்டரை நான்கு சுவருக்குள் வைத்தால் ஆபரேட்டரின் முதல் வேலை அதன் வாயை அடைப்பதுதான். கோளாறைப் பார்ப்பது அதற்கப்புறம்.

அடுத்தது, கன்சோலுக்குக் கன்சோல் தனி ஸ்பீக்கர், தனி ஒலி. என் கட்சி இதுதான், ஆனால் அரைகுறையாகச் செய்தால் பழைய ஹூட்டரே மேல். முதலில் ஒலியின் தன்மை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பஸ்ஸர் “கீ...” என்று ஒற்றை அதிர்வெண்ணில் கத்தும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நம் மூளை இரண்டு விதமாகக் கணிக்கிறது: தாழ்ந்த ஒலிக்கு இரு காதுகளையும் அது எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து, உயர்ந்த ஒலிக்கு அளவு வித்தியாசத்தை வைத்து. நடுவே, 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டுமே சரியாகக் கைகொடுப்பதில்லை. அந்தப் பகுதியில் ஒற்றைச் சுருதியில் அடிக்கும் பஸ்ஸரை மூன்று கன்சோலில் வைத்தால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவது போலத்தான் இருக்கும். பல அதிர்வெண்கள் கலந்த ஒலியானால், மணி அடிப்பது போலவோ கட்டையைத் தட்டுவது போலவோ இருந்தால், காது தானாகத் திசை பிடிக்கும்.

இரண்டாவது, எத்தனை ஒலி என்பது. மூன்று கன்சோல், மூன்று அவசர நிலை என்று ஒன்பது தனித்தனி ஒலிகளை வைத்துவிட்டுப் பயிற்சி கொடுத்தோம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்பதையும் யார் பிரித்தறிவார்? ஒலியின் குணம் “யாருக்கு” என்பதைச் சொல்லட்டும். துடிப்பின் வேகம் “எவ்வளவு அவசரம்” என்பதைச் சொல்லட்டும். வேகமாகத் துடித்தால் அவசரம் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானி அறை எச்சரிக்கைகளுக்காக 1982-ல் ஒலி ஆராய்ச்சியாளர் ராய் பேட்டர்சன் பிரிட்டனில் வகுத்த வழிகாட்டுதலில் ஒரு விஷயம் நம் அறைகளுக்கும் அப்படியே பொருந்தும்: ஒலி விட்டுவிட்டு வர வேண்டும், இடைவெளியில் ஆள் பேச வேண்டும். வாக்கி டாக்கியில் ஃபீல்டு ஆபரேட்டர் சொல்வது காதில் விழாவிட்டால் அந்த அலாரத்தால் என்ன பயன்?

பேச்சு அலாரம் கேட்பதற்கு ஆசையாக இருக்கும். “பாய்லர் டிரம் லெவல் குறைவு” (பாய்லர் தொட்டியில் தண்ணீர் குறைவு) என்று தமிழிலேயே சொல்லிவிடலாம், மனப்பாடம் தேவையில்லை. ஆனால் சொல்லி முடிக்கவே சில நொடி ஆகும், அதற்குள் மணி அடித்து ஓய்ந்திருக்கும். இரண்டு அலாரம் சேர்ந்தால் ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் புரியாது. ஏற்கெனவே போன், வயர்லெஸ் என்று பேச்சு நிறைந்த அறையில் இன்னொரு குரல் கரைந்துபோகும். வாயுக் கசிவு, உடனே வெளியேறு என்பது போன்ற ஓரிரு அறிவிப்புகளுக்கு மட்டும் குரலை வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் தமிழோடு இந்தி வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களில் வடமாநிலத்தவர் இருப்பதால்.

விளக்கு யாரையும் தொந்தரவு செய்யாது. கன்சோல் மேலேயே எரிவதால் யாருக்கு என்பதும் உடனே தெரியும். திரும்பிப் பார்க்காதவருக்கு மட்டும் அது இல்லாததற்குச் சமம். அதனால் அவசரம் குறைந்தவற்றுக்கு விளக்கே போதும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சைக் குழப்பம் உண்டு. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பாருங்கள். பகலில் கூம்பு, உருளை என்று வடிவத்தால் சொல்கிறார்கள். இரவில்தான் சிவப்பு, வெள்ளை விளக்கு. அதிலும் 11-ஆம் எண்ணுக்கு, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நம் திரைகளில், அளவை அனுப்பும் கருவியான டிரான்ஸ்மிட்டர் செத்துப்போவதும் அழுத்தம் எகிறுவதும் ஒரே சிவப்பில் மின்னுகின்றன. கருவிக் கோளாறுக்குத் தனி அடையாளம் வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

இடுப்பில் அதிரும் பேஜர் வகை, அறையை விட்டு எழுந்து போகும் இன்சார்ஜுக்கு உதவும். ஆலைக்குள் கொண்டுபோக, வெடிப்பு ஆபத்துள்ள பகுதியில் பயன்படுத்தத் தக்கது என்ற சான்று அதற்கு வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

எந்த வழியானாலும் அலாரங்கள் வெள்ளமாக வந்தால் மூழ்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அந்த மாதிரி நாளில் மின்சாரம் ஒருமுறை அறுந்தாலே மூன்று கன்சோலும் சேர்ந்து அலறும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில், டெக்ஸகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 10.7 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்து விழுந்தவை 275 அலாரங்கள். ஓர் ஆபரேட்டருக்கு 10 நிமிடத்தில் 10-க்கு மேல் வந்தாலே வெள்ளம் என்கிறது அலாரம் நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஏ 18.2 தரம். அந்த நேரத்தில் எந்தக் கன்சோலின் மணி எது என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் விழுந்தது எது என்பதுதான் தெரிய வேண்டும். பழைய அனன்சியேட்டர் பேனலில், அதாவது அலாரத்துக்கு ஒரு விளக்கு ஜன்னல் என்றிருந்த பலகையில், முதல் கோளாறின் ஜன்னல் மட்டும் வேறு விதமாக மின்னும். இன்றைய டிசிஎஸ் என்ற கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் அந்த வசதியைச் செய்துகொள்ள முடியும், கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அந்த பிஎச் அலாரத்துக்கும் புது ஸ்பீக்கர் தேவையில்லை: 8.5-ல் அடித்தது 8.3-க்கு இறங்கும்வரை மறுபடி அடிக்காதபடி டெட்பேண்டு என்ற இடைவெளி வைத்து, சில நொடித் தாமதமும் சேர்த்தால் அன்றிரவு பாதிச் சத்தம் இருந்திருக்காது.

கன்சோல்வாரி ஒலிக்கு இப்போதைக்குப் பணம் ஒதுக்க முடியாத ஆலைகளில்கூட ஒன்றை மட்டும் உடனே மாற்றச் சொல்வேன். சைலன்ஸ் பட்டன் அந்தந்தக் கன்சோலின் அலாரத்தை மட்டும் அடக்கட்டும். பாய்லர் அலாரத்தை பாய்லர்காரரும், அவர் இல்லாதபோது இன்சார்ஜும் தவிர வேறு யாரும் நிறுத்த முடியக் கூடாது.