மெட்ராஸ் காலேஜ், செயின்ட் ஆண்ட்ரூஸ்: எழும்பூர்ப் பெயர், ஸ்காட்லாந்துப் பள்ளி

பெயருக்குத்தான் காலேஜ். நம் கணக்கில் 7ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான பள்ளி. அங்கே எஸ்1 முதல் எஸ்6 வரை. ஃபைஃப் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அரசுப் பள்ளி, ஆகவே கல்விக் கட்டணம் இல்லை. சென்னையிலிருந்து டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம் வேலைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்காக இந்த மதிப்பீடு.

எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல், செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுச் சிப்பாய் மகனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை வழக்கம்தான். சீமையில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர்! 1831இல் ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு அவர் ஒதுக்கிய 1,20,000 பவுண்டிலிருந்து பிறந்த இந்தப் பள்ளி, 1833இல் சவுத் ஸ்ட்ரீட்டில் திறந்தது. பக்கத்து ஊர் கூப்பரின் பெல் பாக்ஸ்டர் பள்ளிக்கும் வேர் அவர் பணம்தான். விண்ணப்பிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2021 வரை கீழ் வகுப்புகள் ஊரின் கில்ரைமாண்ட் கட்டடத்திலும் மேல் வகுப்புகள் சவுத் ஸ்ட்ரீட்டிலும் நடந்தன. இப்போது லாங்லாண்ட்ஸில் ஒரே வளாகம். பழைய அழகு போனது, அலைச்சலும் போனது.

விளையாட்டில் ரக்பிக்குத்தான் மவுசு. பள்ளிப் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் ரக்பி கிளப் ஸ்டேஷன் பார்க் மைதானத்தில் ஆடுகிறது. ஈரப் புல்லில் நம்மூர் டர்ஃப் ஷூ வழுக்கும். ஸ்டட் வைத்த பூட்ஸ், பல் காப்பு இரண்டும் வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கிரிக்கெட் பையனுக்கு ஏமாற்றம்தான்: பருவம் கோடையில், பள்ளிக்கோ ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை விடுமுறை. கோல்ஃப் பிடித்தால் அதைவிட நல்ல ஊர் கிடையாது. சிறுவர்கள் தொடங்க 9 குழி பால்கோவ் மைதானம் இருக்கிறது.

சேர்க்கையைத் தீர்மானிப்பது வீட்டு முகவரி. செயின்ட் ஆண்ட்ரூஸில் மாணவர்களாலும் கோல்ஃபாலும் வாடகை எகிறிக் கிடக்கிறது. லூக்கர்ஸ், டேபோர்ட், நியூபோர்ட் ஆகியவையும் பள்ளியின் எல்லைக்குள் வருபவை. 22 வயதுக்குட்பட்டோருக்கு அட்டை எடுத்தால் பஸ் இலவசம். டண்டீ நகருக்குள் வீடு பிடித்தால் அது வேறு கவுன்சில், இந்தப் பள்ளிக்கு உரிமை கோர முடியாது. பலர் சறுக்குவது விசாவில். சைல்ட் ஸ்டூடண்ட் விசா தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே. இங்கே சேர, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் பிள்ளை வர வேண்டும். பெற்றோர் முதுகலைப் படிப்புக்குப் போவதானால், 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில் ஆராய்ச்சிப் பட்டம், அரசு உதவித்தொகையில் படிப்பது தவிர மற்றவற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக அனுமதி இல்லை.

எப்போது சேர்ப்பது? எஸ்3க்குள் சேர்ப்பது உத்தமம். நம்மூரில் பத்தாவது முடித்துப் போனால் நேரே எஸ்5; ஆகஸ்டில் தொடங்கும் ஹையர் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தேர்வு) பாடங்களுக்கு அடுத்த மே மாதமே தேர்வு. கணக்கில் சமாளித்துவிடுவார்கள், ஆங்கிலக் கட்டுரையில்தான் திணறுவார்கள். தமிழ் அங்கே தேர்வுப் பாடமே இல்லை. அதை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.