கொடிமலைப் பனியா, தண்ணீர்மலை ஓடையா: ஐப்பசியில் கேமராவை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

ஐப்பசி பிறந்தால் போதும், கனடாவில் இருக்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் சிவப்பு மேப்பிள் இலைகளாக அனுப்பத் தொடங்கிவிடுவான். "அங்கே இப்ப என்ன சீசன்?" என்று வேறு கேட்பான். "மழை சீசன்டா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பினாங்கில் இலையுதிர்காலம் கிடையாது. ஆனால் அதே செப்டம்பர், அக்டோபர், நவம்பரில்தான் எங்கள் தீவில் மழை உச்சத்தில் இருக்கும். மலை உச்சியை மேகம் மூடும், வறண்டு கிடந்த ஓடைகளில் தண்ணீர் ஏறும். நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இலையுதிர்காலம் என்று மொழிபெயர்த்துக்கொண்டு ஏங்குவதைவிடக் கூதிர் என்று சொல்லிவிட்டுக் கேமராவை எடுப்பது எனக்கு நிம்மதி.

சிவப்பு இலையே வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கடற்கரையோரம் கெத்தாப்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நாட்டுவாதுமை மரம், இலை உதிர்க்கும் முன் பச்சையிலிருந்து செக்கச்செவேல் என்று மாறும். காட்டுக்குள் கதை தலைகீழ். அங்கே பழுத்த இலையைவிடத் தளிர்தான் சிவப்பு. மாந்தளிர் நிறம் என்று நாம் சொல்வோமே, அந்த நிறத்தில் மழைக்குப் பின் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மூடுபனிக்கு நடுவே அப்படி ஒரு கொத்து கிடைத்தால் சித்தி மகனுக்குப் பதில் அனுப்பிவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான் கையில் இருக்கிறது. எங்கே போவது? எங்கள் வீட்டில் இது வருடாவருடம் நடக்கும் சண்டை. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பினாங்கு ஹில் என்கிற கொடிமலைக் கட்சி. நான் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் தாவரவியல் பூங்கா ஓடைக் கட்சி. "மேலே ஏறிட்டா வேற உலகம் மாப்பிள்ளை" என்பார் அவர். "அந்த உலகம் பத்து வாரத்துல ஒரு வாரம்தான் தெறக்குது மச்சான்" என்பேன் நான். வேடிக்கை என்னவென்றால், 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதிக்குள் அவர் மலையும் இருக்கிறது, என் ஓடையும் இருக்கிறது.

இரண்டு பேரும் தீர்க்கப் பார்ப்பது ஒரே சிக்கலைத்தான். நம் காடு படத்துக்கு அடங்காத காடு. பைன் மரக் காட்டில் தண்டுகள் வரிசையாக நிற்கும், தரை சுத்தமாக இருக்கும். இங்கே கொடி, பெரணி, பிரம்பு, காய்ந்த மட்டை, அதற்குப் பின்னால் இன்னொரு மரம், அதன்மேல் ஒட்டிய இன்னொரு செடி. கண்ணுக்கு அழகாகத் தெரிவது படத்தில் பச்சைக் குப்பையாக வந்து நிற்கும். மூடுபனி பின்னால் இருப்பதையெல்லாம் வெள்ளையால் அழித்து ஒரு மரத்தை மட்டும் மிச்சம் வைக்கும். ஓடையில் அரை விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால், வழுவழுவென்று ஓடும் வெள்ளைக் கோடு கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், சுற்றியிருக்கும் குப்பை பின்னுக்குப் போய்விடும். இந்த இரண்டில் எது கூடுதலாகக் கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

கொடிமலை

உச்சி 833 மீட்டர். ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. பழைய வண்டியில் பாதி வழியில் இறங்கி மாறி ஏற வேண்டும், போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புது வண்டி நேராக மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. படமெடுப்பவனுக்கு இது பெரிய வரம். ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்தில் முதல் வண்டியைப் பிடித்தால், ஏழு மணிக்கு மேல் எழும் சூரியனுக்கு முன்னால் மேலே நிற்கலாம். மைகார்டு, அதாவது மலேசிய அடையாள அட்டை காட்டினால் உள்ளூர்க் கட்டணம்.

மேலே நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் மேகம்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஊரில் 28 டிகிரி என்றால் மேலே 23 இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, மச்சான் பல வருடம் தப்புப் பண்ணியது இதில்தான். மேகத்தின் நடுவில் நின்றால் படம் கிடையாது. பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருக்கும். மேகத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். நிலையத்துக்கு வெளியே இருக்கும் பார்வைமேடையில் ஜார்ஜ்டவுனைப் பார்த்தபடி காத்திருப்பதைவிட, வெஸ்டர்ன் ஹில் பக்கம் போகும் சாலையில் நடந்துகொண்டே இருப்பது மேல். வளைவுக்கு வளைவு பனியின் அடர்த்தி மாறும். ஒரு மரப்பெரணி முழுசாகத் தெரியும், அதன் பின்னால் இருப்பது பாதி தெரியும், மூன்றாவது வெறும் நிழல். அந்த மூன்று படிநிலை கிடைத்தால் படம். சாலையோரம் இருக்கும் ஹாபிடாட் பூங்காவின் மரமுகட்டு நடைபாதை அருமையான இடம், ஆனால் அது நன்றாக வெளுத்த பிறகே திறக்கும். அதற்குள் பாதி நாள் பனி கரைந்துவிடும்.

கேமரா பக்கம் இரண்டே விஷயம். வெள்ளையைக் கண்டால் ஒளிமானி ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளியை இரண்டு மடங்கு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டோஃபோகஸ் பனிக்குள் போய்த் தேடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு தண்டின் கரிய ஓரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். லென்ஸ் 70-200 மி.மீ. மாதிரி நீளமாக இருந்தால் பனி அடுக்குகள் நெருங்கித் தெரியும். முன்கண்ணாடியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்த்துளி கோக்கும். கடையில் விற்கும் துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் நனைந்து பயனில்லாமல் போகும். நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணி நாலு துண்டு வைத்திருந்தால் போதும்.

இப்போது குறை. பனி வருமா வராதா என்பது குலுக்கல் சீட்டு. போன வருடம் மச்சான் பதினோரு முறை ஏறினார். பனி கிடைத்தது மூன்று முறை, அதில் இரண்டு முறை மேகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். இன்னொரு வம்பும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் சுமாத்ரா கரிநிலத் தீயால் புகைமூட்டம் வரும் வருடங்கள் இருக்கின்றன. 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பனிபோலவே தெரியும். பனி நீலம் கலந்த வெள்ளை, எட்டரைக்குள் கலையும். புகைமூட்டம் மஞ்சள் கலந்த பழுப்பு, சாயங்காலம் வரை நகராது, தொண்டை கரகரக்கும். அந்த மாதிரி நாளில் படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டில் இருங்கள்.

ஓடை

தாவரவியல் பூங்கா 1884-இல் தொடங்கியது. முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் கர்ட்டிஸ், பழைய கல்குவாரி கிடந்த பள்ளத்தாக்கைத் தோட்டமாக்கியவர். பெயர்பெற்ற அருவி நீர்த்தேக்கப் பகுதிக்குள் இருப்பதால் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. ஆனால் அருவித் தண்ணீர் ஓடையாகப் பூங்காவுக்குள்தானே இறங்கி வருகிறது! தைப்பூசத்துக்குக் காவடியோடு நாம் ஏறும் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டினால் இரண்டு நிமிடம். கட்டணம் இல்லை, ரயில் இல்லை, வரிசை இல்லை. உள்ளே நாகலிங்க மரம் ஒன்று தண்டெல்லாம் பூத்து நிற்கும், ஓடை சரியில்லாத நாளில் அதை எடுத்துக்கொண்டு வரலாம்.

ஓடைக்குத் தேவை இரண்டு: மேகமூட்டமான வானம், தெளிந்த தண்ணீர். வெயில் வந்துவிட்டால் இலைகளுக்கிடையே விழும் ஒளித்திட்டுகள் படத்தில் சுண்ணாம்புப் பொட்டுகளாக எரியும். ஐப்பசியில் மேகத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தப் பக்கம் கவலையும் குறைவு. தண்ணீர்தான் பொறுமை கேட்கும். கனமழை பெய்த கையோடு போனால் ஓடை தே தாரே, அதாவது நம் இழுத்த பால்டீ நிறத்தில் ஓடும். என் அனுபவத்தில் முதல்நாள் மாலையே மழை நின்றிருந்தால் மறுநாள் எட்டரை, ஒன்பதுக்குள் தெளிந்துவிடும், ஓட்டமும் குறையாது.

நான் கையில் கட்டாயம் வைத்திருப்பது போலரைசர் ஃபில்டர். ஈரமான பாறை, ஈரமான இலை எல்லாவற்றின் மேலும் வானத்தின் வெள்ளைப் பளபளப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கண் அதைப் பொருட்படுத்தாது, படம் பொருட்படுத்தும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்தப் பளபளப்பு உரிந்து, அடியில் இருந்த பச்சை மேலே வருவதைத் திரையிலேயே பார்க்கலாம். பாறை கறுக்கும், பாசி மினுங்கும், தண்ணீருக்கடியில் கிடக்கும் சருகுகூடத் தெரியும். முழுசாகத் திருப்பிவிட்டால் தண்ணீரில் விழும் வானத்தின் பிம்பமும் போய்விடும், அதனால் முக்கால் திருப்பலோடு நிறுத்துவேன். அதுவே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைத்துவிடுவதால், நிழலில் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ 100, லென்ஸ் துவாரத்தை எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் தானாகவே கால் விநாடி, அரை விநாடி என்று வந்து நிற்கும். தனியாக ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். பத்து விநாடி, முப்பது விநாடி என்று எடுத்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்காது, சலூனில் சேவிங் நுரையைக் கொட்டியதுபோல் இருக்கும். அரை விநாடியில்தான் ஓட்டமும் தெரியும், மென்மையும் தெரியும். காற்றில் பெரணி ஆடினால் அதே இடத்தில் ஷட்டரை வேகப்படுத்தி இன்னொன்று எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அபாயம் இல்லாமல் இல்லை. பூங்காவுக்குள் பயமில்லை, ஆனால் காட்டுக்குள் மேலே போகப் போக மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம் வரலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இருக்காது, மேலே எங்கோ கொட்டியிருக்கும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஓடையின் சத்தம் கனத்தாலோ ட்ரைபாடை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். 2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று நினைத்துப் பார்த்தால் போதும். அட்டைக்கும் பாறை வழுக்கலுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குரங்குகளுக்குத்தான் சொல்ல வேண்டும்: கேமராப் பையில் ரொட்டி வைக்காதீர்கள்.

என் சொந்த வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். குளுகுளுவென்று ஏர்கான் போட்ட காடியிலிருந்து இறங்கி உடனே கேமராவை வெளியே எடுத்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. சட்டை நுனியால் துடைத்தேன், உள்ளே போன ஈரத்தை என்ன செய்வது? இரண்டு மாதத்தில் கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை. ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுப் பூஞ்சையை எடுத்து, அதன் இடத்தில் தூசியை வைத்துக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஏர்கானை அணைத்துவிடுவேன், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுவேன். வீட்டில் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல். கொடிமலை ரயிலிலும் ஏர்கான் உண்டு, அதனால் மச்சானுக்கும் இதே விதிதான்.

மற்றவை

தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் சாலையோரம் தித்தி கெராவாங் அருவி இருக்கிறது. பாறை அமைப்பு நம் ஓடையைவிட நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர்க் குழாய்கள் குறுக்கே ஓடுகின்றன, அவற்றை மறைத்துப் படமெடுக்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். பழக்கடைக்காக நிறுத்துபவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். கேமரன் மலைப் பாசிக்காட்டில் பனி ஏறக்குறைய நிச்சயம், ஆனால் ஞாயிறு ஒரு காலைக்குள் நடக்கிற காரியமில்லை. கைப்பேசியே போதுமா என்று கேட்பவர்களுக்கு: பனிக்குப் போதும், ஓடைக்குப் போதாது.

சரி, நான் எப்படி முடிவெடுக்கிறேன்? எங்கள் அடுக்குமாடி ஆயர் ஈத்தாமில். காலை ஐந்தே முக்காலுக்கு நடைவழியில் நின்று கொடிமலை உச்சியைப் பார்ப்பேன். மேலே விளக்குகள் வரிசையாகத் தெரிந்தால் பனி இல்லை. பசியாறிவிட்டு மெதுவாக ஓடைக்குப் போகலாம். விளக்கே தெரியாமல் மலையின் மேல்பாதி காணாமல் போயிருந்தால் நாம் போய்ச் சேர்வது மேகத்தின் வயிற்றுக்குள். விளக்கு தெரிந்து தெரிந்து மறைந்தால் மச்சானுக்குப் போன். அந்த நாளில் மட்டும் நானும் கட்சி மாறி முதல் ரயிலுக்கு ஓடுவேன்.

அப்படிப்பட்ட நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. எட்டேகால் வரை மேலே பனி, பிறகு ஜீப் பாதையில் நடந்தே இறங்கினால் ஐந்து கிலோமீட்டரில் தாவரவியல் பூங்கா வாசல். ஒன்றரை, இரண்டு மணி நேரம். சரிவு செங்குத்து, முட்டி கழன்றுவிடும். காடி ஆயர் ஈத்தாமிலேயே நிற்பதால் திரும்பப் போக கிராப் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். கீழே வந்து சேரும்போது ஓடை தெளிந்திருக்கும், நமக்குத்தான் குனிய உடம்பு இருக்காது.

மொத்தக் கணக்கில், பத்து ஞாயிற்றுக்கிழமையில் ஏழெட்டுக்கு ஓடை என்பதே என் கட்சி. போன ஐப்பசியில் ஓடையில் எடுத்ததில் தேறியவை பதினாறு படங்கள். மச்சானுக்குத் தேறியது ஒன்றே ஒன்று: பனிக்குள் ஒற்றை மரப்பெரணி, அதன் பின்னால் மாந்தளிர் நிறத்தில் ஏதோ ஒரு தளிர்க்கொத்து, கரைந்தும் கரையாமலும். தீபாவளிக்கு ஹாலுக்கு வெள்ளையடித்த பிறகு, எந்தப் படத்தை மாட்டலாம் என்று மனைவியிடம் என் பதினாறையும் காட்டினேன். "என்னங்க இது, பால் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள். சுவரில் இப்போது அவள் அண்ணன் படம்தான் தொங்குகிறது.